வில்லுப்பாட்டுப் பதிவுக்கு மிக்சர் வாங்கணுமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஊர் சேரன்மகாதேவி பக்கம். தாய்மாமா வில்லுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறார். வில்லுக்கு அவர், பின்பாட்டுக்கு இரண்டு பேர், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று மொத்தம் ஏழு பேர். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் யாராவது செல்போனில் பிடித்துப் போட்டதுதான் இன்றைக்கு யூடியூபில் கிடக்கிறது. அதில் குடம்தான் கேட்கிறது, கதை கேட்கவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்து ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்று முப்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். லேப்டாப் இருக்கிறது. மைக் செட் வைத்திருக்கும் சித்தப்பா, "பன்னிரண்டு சேனல் யூஎஸ்பி மிக்சரா வாங்கு. கையால திருகாம மிக்சிங் வராதுலே" என்கிறார். வெளியூரில் படித்த நண்பன், "மிக்சரெல்லாம் அந்தக் காலம், எல்லாம் சாப்ட்வேர்லயே முடிஞ்சிரும்" என்கிறான். எதை வாங்க?

பதில்: தம்பி, மைக் சத்தங்களைக் கலக்கும் மிக்சர் பெட்டி வாங்க வேண்டாம். நான்கு மைக் செருகுகிற மாதிரி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது மைக் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் சின்னப் பெட்டியை, வாங்குங்கள். மிக்சிங்கை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை இப்படியே போய்ச் சித்தப்பாவிடம் சொன்னால் மனத்தாங்கல் வரும். அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். சித்தப்பா பேச்சில் இருக்கும் நியாயம் உங்கள் நண்பருக்கும் தெரிய வேண்டியதுதான்.

நானும் மைக் செட்டில் தொடங்கியவன். முதல் இரண்டு வருஷம் குழாய் ஒலிபெருக்கி கட்ட மரம் ஏறினேன். அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைத் தொட விட்டார்கள். கொடையில் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரமே கிடையாது. வில்லடித்துக் கதை பாடும் புலவர் குரலைத் தாழ்த்திக் கதை சொல்ல ஆரம்பித்தால் குடத்தை அப்போதே இறக்க வேண்டும். மைக் கூவினால் எந்த மைக் என்று மூளை கண்டுபிடிப்பதற்குள் கை அங்கே போயிருக்க வேண்டும். ஒவ்வொரு மைக்குக்கும் உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு கெயின் குமிழ், வெளியே போவதை ஏற்றி இறக்க ஒரு ஃபேடர் என்று எல்லாவற்றையும் கண்ணெதிரே விரித்து வைத்த பெட்டி அதற்காக உருவானது. மவுஸை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. நடுச்சாமத்தில் சாமி வந்து ஆடும்போது லேப்டாப் அப்டேட் கேட்டால் ஊர்க்காரர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். ஆக, சித்தப்பா சொன்னது அவர் உட்காரும் இடத்துக்கு நூற்றுக்கு நூறு சரி.

உங்கள் மாடி அறையில் சனம் இல்லை, குழாய் இல்லை, மைக் கூவப் போவதில்லை. குடம் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்கள் அந்த நொடியில் முடிவு செய்யத் தேவையில்லை. அடுத்த வாரம் சாவகாசமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். மாமா கேட்டுவிட்டு "கொஞ்சம் ஏத்துடே" என்றால் ஏற்றலாம். இந்த வசதிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காக, அதாவது தனித்தனிப் பதிவாக, லேப்டாப்புக்குள் போயிருக்க வேண்டும். சித்தப்பா சொல்லும் யூஎஸ்பி மிக்சரில் அநேகமாக அது நடக்காது.

இது எனக்கு அடிபட்டுத் தெரிந்த விஷயம். நாங்குநேரி பக்கம் ஓர் ஊரில் சுடலைமாடன் கொடை. அப்போதுதான் யூஎஸ்பி வைத்த மிக்சர் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். பன்னிரண்டு சேனல், ஓர் யூஎஸ்பி துளை. பன்னிரண்டும் அதன் வழியாகத் தனித்தனியே போய்விடும் என்று நினைத்தேன். எட்டு மைக் போட்டு விடிய விடியப் பதிவு செய்தேன். காலையில் வீட்டில் திறந்து பார்த்தால் இரண்டே டிராக், இடது ஒன்று, வலது ஒன்று. எட்டு மைக்கும் மிக்சருக்குள்ளேயே கலந்து, கலந்த சத்தம் மட்டும் கணினிக்குப் போயிருந்தது. அதுவாவது ஒழுங்காகக் கலந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் குழாய் அலறும்போது காதில் ஹெட்போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். வில்லில் கட்டிய மணிச் சத்தம் புலவர் குரலுக்கு மேலே ஏறி நின்றது. மணி இருக்கும் மேல்ஸ்தாயியை ஈக்யூ (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்துக் குறைத்தேன். மணி அடங்கியது, கூடவே புலவர் வாயில் இருந்த ச, த, ற எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருக்கிற சத்தங்கள். குழம்பில் கரைந்த உப்பை எப்படி எடுப்பது? அந்தப் புலவர் அந்தக் கதையை அதற்குப் பிறகு முழு ராத்திரி பாடவே இல்லை.

இப்போது கலந்த பாட்டைப் பிரித்துத் தரும் சாப்ட்வேர்கள் வந்திருக்கின்றனவே என்று உங்கள் நண்பர் சொல்வார். வந்திருக்கின்றன. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று அவை பிரிக்கும். சினிமாப் பாட்டு மாதிரியான இசையைக் கேட்டுக் கேட்டுப் பழக்கப்படுத்தியவை அவை. வில்லில் வீசுகோல் பட்டு நாணும் மணியும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவை திணறும். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே எந்தப் பெட்டி வாங்கினாலும் முன்னால் இருக்கும் சேனல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். விவரத் தாளில் யூஎஸ்பி என்று இருக்கும் வரியைப் பாருங்கள். 2 இன், 2 அவுட் என்று இருந்தால், முன்னால் எத்தனை குமிழ் இருந்தாலும் கணினிக்குப் போவது இரண்டுதான். எல்லாச் சேனலையும் தனித்தனியாக அனுப்பும் மிக்சர்களும் உண்டு. பெரிஞ்சர் எக்ஸ்ஆர் 18 என்ற டிஜிட்டல் மிக்சர் 18 டிராக்கை அனுப்பி 18ஐத் திரும்ப வாங்கும். டாஸ்காம் மாடல் 12 போன்றவையும் தனித்தனி டிராக்காகவே தரும். நல்ல சாமான்கள்தான், ஆனால் உங்கள் முப்பதாயிரத்துக்குள் அடங்காது. எக்ஸ்ஆர் 18ல் ஒரு குமிழ்கூடத் திருக இருக்காது, எல்லாம் டேப்லெட்டில்தான். டிஜிட்டல் மிக்சர் என்பதே பெட்டிக்குள் ஓடும் சாப்ட்வேர்தானே. சித்தப்பாவும் நண்பனும் போடும் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்டர்ஃபேஸிலும் இதே போல ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரில் 4 என்று இருந்தால் நான்கு மைக் என்று பொருள் இல்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4ல் மைக் செருக இரண்டு துளைதான். மற்ற இரண்டும் கீபோர்டு மாதிரியான லைன் கருவிகளுக்கு. பெரிஞ்சர் யூஎம்சி 404 எச்டியில் நான்குமே மைக்கை வாங்கும். மைக்கின் மெல்லிய சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பகுதிக்குப் பிரீஆம்ப் என்று பெயர். கடைக்காரரிடம் "மைக் பிரீஆம்ப் எத்தனை?" என்று கேளுங்கள். அவர் "நாலு இன்புட்" என்று பதில் சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

ஒலியின் தரத்தைப் பற்றியும் சித்தப்பா ஒன்று சொல்வார்: மிக்சர் வழியாகப் போனால் சத்தத்துக்குக் கனம் வரும் என்று. பெரிய ஸ்டூடியோக்களில் இருந்த பழைய அனலாக் பெட்டிகளைப் பற்றிச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். நம் விலைக்கு வரும் மிக்சரில் சத்தங்களைக் கூட்டுவது சின்ன ஐசிகள். அவற்றில் கனமும் இல்லை, மாயமும் இல்லை. கணினியில் கலப்பது வெறும் கூட்டல் கணக்கு, அதில் சத்தம் கெடாது. மிக்சர் குமிழில் இரண்டு ஆடிக் காற்றுத் தூசி படிந்தால் திருகும்போதெல்லாம் கரகர என்று கத்தும். சித்தப்பா வீட்டில் இருப்பதைத் திருகிப் பாருங்கள்.

இனி உங்கள் அறை. ஏழு பேருக்கு நான்கு மைக் போதுமா என்றால் போதும். இன்னும் சொன்னால் ஏழு மைக்கைவிட நன்றாகவே வரும். ஒரே அறையில் எல்லாரும் உட்கார்ந்து பாடும்போது எந்த மைக்கிலும் எல்லாச் சத்தமும் விழும். மைக் கூடக் கூட, ஒரே குடத்தின் அடி ஏழு வழியாக ஏழு தூரம் கடந்து வந்து சேரும். அப்படிச் சேரும்போது ஒன்றையொன்று அரித்துக் குடம் தகர டப்பாவாகிவிடும். பழைய கணக்கு ஒன்று உண்டு: மைக்குக்கும் பாடுபவர் வாய்க்கும் ஒரு சாண் இருந்தால், அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது மூன்று சாண் தள்ளி இருக்க வேண்டும்.

மாமாவுக்கு டைனமிக் மைக், அதாவது மேடையில் பிடிக்கும், தனிக் கரண்ட் கேட்காத வகை. ஷுர் எஸ்எம் 58 மாதிரி ஒன்று. 1966இலிருந்து வருகிற மைக், சித்தப்பாவிடமே ஒன்றாவது இருக்கும். அதை வாய்க்கு நேரே நீட்டாதீர்கள். சின்ன ஸ்டாண்டில் கீழேயிருந்து மேலாக, வாயை அண்ணாந்து பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். இந்த வகை மைக்குக்கு முன்னால் காது, முதுகுப் பக்கம் செவிடு. கீழிருந்து சாய்த்தால் அந்த முதுகு வில்லைப் பார்த்தபடி இருக்கும். மணி பாதிக்குப் பாதி அங்கேயே அடங்கிவிடும். நாங்குநேரியில் இந்த ஒன்றைச் செய்திருந்தால்கூட நான் ஓரளவு தப்பித்திருப்பேன்.

பின்பாட்டுக்காரர் இரண்டு பேருக்கும் ஒரே மைக் போதும். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாக வாங்கிப் பாடிப் பழகியவர்கள். தனித்தனி மைக் கொடுத்தால் ஒருவர் "ஆமா" மேலேயும் இன்னொருவர் "ஆமா" கீழேயும் நிற்கும். அப்புறம் அதைச் சமன் செய்யவே உங்களுக்கு நேரம் போய்விடும். அந்த "ஆமா"வைச் சும்மா நினைக்காதீர்கள். அது தளர்ந்தால் கதையே தளர்ந்துபோகும். நண்பன் "ஒவ்வொருத்தராத் தனியா எடுத்துக்கிடலாம்" என்று சொல்லியிருந்தால் அதைக் காதில் வாங்கவே வேண்டாம். சினிமாப் பாட்டை அப்படி எடுக்கலாம். புலவர் கண்ணைப் பார்த்துத்தான் பின்பாட்டுக்காரர் வாய் திறப்பார். ஏழு பேரையும் கொடையில் உட்காருவது போலவே உட்கார வைத்து ஒன்றாகவே எடுங்கள்.

குடத்துக்கு இன்னொரு டைனமிக் மைக். குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் அடிக்கும்போது காற்று வந்து மைக்கில் மோதி "புஸ்" என்று விழும். ஓர் அடி தள்ளி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தால் நாணின் அதிர்வும் இதில் விழும். விழட்டும், அது இரண்டுக்கும் உள்ள உறவு. நான்காவது மைக் கண்டென்சர், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை. குழுவுக்கு முன்னால் நாலடி ஐந்தடி தள்ளி, நின்றவன் மார்பு உயரத்தில், உடுக்கை, தாளம், கட்டை இருக்கும் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். வில் மணியும் இதில்தான் இயல்பாகக் கேட்கும். இதற்கு 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் வயர் வழியாகவே போகும் கரண்ட்) வேண்டும். இன்டர்ஃபேஸில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். சில பெட்டிகளில் அந்தப் பொத்தான் நான்கு மைக்குக்கும் சேர்த்தே போகும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் மைக் வயர் சரியாக இருந்தால் டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது.

கெயின் வைக்கும்போது ஒரு தப்பு எல்லாரும் செய்வார்கள். மாமாவைக் கொஞ்சம் பாடச் சொல்வீர்கள், அவரும் தொடக்கத்தில் வரும் காப்புப் பாடலை அடக்கமாகப் பாடுவார், அதற்கேற்பத் திருகி வைப்பீர்கள். மூன்றாம் மணி நேரத்தில் வரத்துப் பாட்டு வரும். சாமியை அழைக்கிற அந்த இடத்தில் குரலும் குடமும் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் உடைந்துவிடும். உடைந்த சத்தத்தை எந்தச் சாப்ட்வேரும் ஒட்டாது. ஆகவே முதலில் வரத்துப் பாட்டிலேயே இரண்டு நிமிடம் பாடச் சொல்லுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் உடையும். அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். குறைவாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். டேப் இருந்த காலத்தில் அடியில் இரைச்சல் இருந்தது, அதனால் உச்சத்தைத் தொட்டுக்கொண்டே பதிவு செய்தோம். சத்தத்தை நுணுக்கமாக அளக்கும் 24 பிட் பதிவில் அந்த இரைச்சல் பயம் இல்லை. சித்தப்பா ஊசி ஏறவில்லை என்று கெயினைத் திருக வருவார். அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

மாதிரி வேகத்தை (நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளப்பது என்பதை) 48,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வீடியோவுக்கு அதுதான் பொருந்தும். 24 பிட்டில் ஒரு டிராக் மணிக்கு சுமார் 520 எம்பி பிடிக்கும். நான்கு டிராக் மணிக்கு 2 ஜிபி. ஐந்து மணி நேரக் கதை 10 ஜிபி ஆகும். பென் டிரைவில் ஒரு நகல், வேறு வீட்டில் இன்னொரு நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேட்டன்சி என்ற ஒன்றைச் சொல்லி நண்பர் பயமுறுத்தியிருப்பார். மைக்கில் போன சத்தம் கணினிக்குள் சுற்றி ஹெட்போனுக்குத் திரும்ப வர ஆகும் தாமதம் அது. கணினி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 256 என்று வைத்தால் ஒரு வழிக்கு 5 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். போய்த் திரும்பி வர அதுபோல் இரண்டு பங்கு, அதற்கு மேலும் கொஞ்சம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியே பாடுபவருக்கு இது இடைஞ்சல்தான். உங்கள் குழுவில் யாரும் ஹெட்போன் மாட்டப் போவதில்லை. ஒருவரையொருவர் காதாலேயே கேட்டுக்கொள்கிறார்கள். பஃபரை 1024க்கு ஏற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். லேப்டாப்பும் திணறாது. பின்னாளில் தனிக் குரல் எடுக்க நேர்ந்தால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற வசதி இருக்கும். கணினிக்குப் போகாமலே சத்தத்தை ஹெட்போனுக்குத் திருப்பிவிடும்.

அறையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மொட்டை மாடியில் கட்டிய சிமென்ட் அறையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "டர்ர்" என்று உதறினால் எதிரெதிர் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி தட்டி விளையாடுகின்றன என்று அர்த்தம். நம் பக்கத்தில் இதற்கு உடனே பத்தமடைப் பாயை எடுத்துச் சுவரில் மாட்டிவிடுவார்கள். பாய் பார்க்க அழகு, படுக்கச் சுகம், சத்தத்துக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. கோரை அவ்வளவு மெல்லியது. பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்குங்கள். இரண்டைக் குழுவுக்கு எதிர்ச் சுவரிலும் ஒன்றைப் பக்கச் சுவரிலும், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மறுபடி கைதட்டிப் பாருங்கள். மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட மெத்தை இருக்கும் அறைக்கும் இல்லாத அறைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. செலவும் இல்லை. ஃபேனை நிறுத்த வேண்டும், அதனால் சித்திரை மாதப் பகலில் இந்த வேலை ஆகாது. இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் ஊர் ஒலிபெருக்கிகளும் ஓய்ந்திருக்கும். சட்டப்படி ஓய்ந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இரைச்சல் வந்தால் என்ன செய்ய? "ம்ம்ம்" என்று ஒரே சுதியில் நிற்கும் இரைச்சல் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டிலிருந்து வருவது. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள். சில பேர் இரைச்சல் போவதற்காகப் பிளக்கில் எர்த் பின்னையே கழற்றிவிடுவார்கள். இரைச்சல் போகும். ஒரு நாள் ஈரக் கையோடு மைக் ஸ்டாண்டைப் பிடிக்கிறவர் உயிரும் போகும். அந்த வேலையைச் சித்தப்பாவே சொன்னாலும் செய்யாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது கொரகொர என்று வந்தால் அந்த இன்வெர்ட்டரின் சதுர அலைதான் காரணம். பதிவு முடியும் வரை லேப்டாப் பேட்டரியில் ஓட்டுங்கள். நான்கு மைக் இன்டர்ஃபேஸ்களில் பல தனி அடாப்டர் கேட்பவை, அதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மிக்சிங்குக்கு வருகிறேன். ரீப்பர் என்ற சாப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் உரிமம். ஈக்யூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரெசர், அறையின் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன, தனியே எதையும் தேடி அலைய வேண்டாம். முதல் நாள் இவை எதையும் தொடாதீர்கள். நான்கு ஃபேடரை மட்டும் ஏற்றி இறக்கி, கதையின் ஒவ்வொரு சொல்லும் புரிகிற இடத்தில் நிறுத்துங்கள். மாமா குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். அங்கே அவர் குரல் இல்லை, குடத்தின் உறுமல்தான் இருக்கிறது.

அதற்கு அடுத்தது ஆட்டோமேஷன். நான் மிக்சரை விட்டுச் சாப்ட்வேருக்கு வந்ததே இதற்காகத்தான். ஃபேடரை நீங்கள் ஒருமுறை அசைத்தால் அந்த அசைவை அது நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு அசைக்கும். மாமா பாட்டை விட்டு வசனத்துக்கு வரும் இடத்தில் குடத்தை 3 டெசிபல் இறக்குங்கள், பாட்டுக்குத் திரும்பும்போது ஏற்றுங்கள். இரண்டு நொடி பிந்திவிட்டதா? அந்தக் கோட்டை மவுஸால் பிடித்து இரண்டு நொடி முன்னால் இழுத்து வையுங்கள். கொடையில் பிந்திய கைக்கு இந்த மன்னிப்பு கிடையாது. மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். மிக்சரில் வேறு யாராவது ஒரு குமிழைத் தொட்டால் போயிற்று.

சாப்ட்வேரின் குறையையும் சொல்லிவிடுகிறேன், இது சித்தப்பா கட்சி. திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் காது வேலையை நிறுத்திவிடும். அலை பெரிதாகத் தெரிந்தால் குறைப்போம், கோடு வளைந்திருந்தால் அழகாக இருக்கிறது என்போம். சித்தப்பா முப்பது வருஷமாகக் கண்ணால் மிக்ஸ் செய்ததில்லை. அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், திரையை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டுங்கள். "குடம் முழுங்குது", "உடுக்கை அமுங்கிக் கெடக்கு" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு பிறகு திருத்துங்கள். அவருக்குக் கை ஊறினால் பின்னால் பணம் சேர்ந்ததும் யூஎஸ்பியில் செருகும் ஃபேடர் பெட்டி ஒன்று வாங்கலாம். சத்தம் அதன் வழியாகப் போகாது, சாப்ட்வேரின் ஃபேடரைக் கையால் அசைக்க மட்டும்தான் அது. ஒரே ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்: எக்கோ. மைக் செட்டில் அந்தக் குமிழ் எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியும்.

ஹெட்போனில் முடித்த பிறகு செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். உங்கள் பதிவைக் கேட்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், துபாயில் இருக்கும் ஊர்க்காரர் உட்பட, அதில்தான் கேட்பார்கள். குடத்தின் அடிநாதம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. அதற்காக அடியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அறையும்போது மேலே எழும் "தப்" என்ற சத்தத்தை ஒரு சிட்டிகை கூட்டினால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு மேலே உள்ளதைத் தானே குறைத்துவிடும். அடுத்தவன் வீடியோவைவிடச் சத்தமாக வைக்கிறேன் என்று நசுக்கிப் பிழிய வேண்டாம்.

முப்பதாயிரத்தைப் பிரிக்கும்போது பாதிக்கு மேல் இன்டர்ஃபேஸில் போடாதீர்கள். மீதியில் ஒரு கண்டென்சர் மைக், காதை முழுதாக மூடும் ஹெட்போன், நல்ல ஸ்டாண்டுகள், வயர்கள். டைனமிக் மைக்குகளை முதல் பதிவுக்குச் சித்தப்பாவிடம் இரவல் கேளுங்கள். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும்.

கடைசியாக, கொடையிலேயே நேரடியாகப் பதிவு செய்யும் ஆசையும் உங்களுக்கு ஒரு நாள் வரும். அதற்கும் புது மிக்சர் தேவைப்படாமல் போகலாம். சித்தப்பாவின் மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் இன்செர்ட் என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண மோனோ ஜாக்கை அதில் முழுதாகச் செருகாமல், முதல் "டிக்" சத்தத்தோடு நிறுத்துங்கள். மைக் சத்தம் குழாய்க்கும் போகும், உங்கள் இன்டர்ஃபேஸின் லைன் துளைக்கும் வரும். அந்த இடம் ஃபேடருக்கு முன்னால் இருப்பதால் அவர் ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் உங்கள் டிராக்கில் தெரியாது. கெயினைத் தொட்டால் மட்டும் தெரியும், அதை முதலிலேயே சொல்லி வையுங்கள். ஜாக்கில் யாராவது கால் இடறினால் சத்தம் நின்றுவிடும், அந்த வயரைத் துணியால் கட்டிவையுங்கள். எதற்கும் ஒரு சின்ன கொடையில் பழகிவிட்டுப் பெரிய கொடைக்குப் போங்கள்.

மாடி அறையில் முதல் ஒத்திகை எடுத்ததும் வரத்துப் பாட்டு வரும் பத்து நிமிடத்தை, நான்கு டிராக்கும் தனித்தனியாக, எதையும் திருத்தாமல் அனுப்புங்கள். கண்டென்சர் மைக்கை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு போட்டோவும் சேர்த்து.